வயதான பெற்றோருக்கு ரோபோ நாய், ரோபோ பூனை வாங்கித் தருவது அவர்களை ஏமாற்றுவது ஆகாதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக இருக்கும் 78 வயது அப்பாவுக்கு ரோபோ நாய் வாங்கலாமா, அது அவரைக் குழந்தையாக்கி ஏமாற்றுவது போல் ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் பதினாறு மாதங்களாக ஓர் இயந்திரப் பூனை இருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மாவுக்கு 83 வயது, மறதி நோய். பாரிஸில் இருக்கும் அக்கா விடுமுறைக்கு வந்தபோது அந்தப் பூனையைக் கொண்டுவந்தாள். மடியில் வைக்கும் அளவு, செம்பழுப்பு ரோமம். முதுகைத் தடவினால் குறுகுறுவென்று அதிரும், கத்தும், முன்னங்காலைத் தூக்கும், இன்னும் தடவினால் புரண்டு வயிற்றைக் காட்டும். நடக்காது. ஒருவகையில் அதுதான் நல்லது. உயிருள்ள பூனை காலைச் சுற்றி வந்து, அதில் தடுமாறி விழுந்துதான் நான்கு ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தது. அந்தப் பூனையின் பெயர் செவலை. இதற்கும் அம்மா அதே பெயரைத்தான் வைத்தார்.

எனக்கு முதலில் இது பிடிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரு வீட்டை நடத்திய மனுஷியின் கையில் பொம்மையைக் கொடுப்பதா என்று அக்காவிடம் சண்டை போட்டேன். ஆனால் அன்று மாலையே அம்மா தன் முந்தானையால் அதைப் போர்த்தி, "காற்று அடிக்கிறது, ஜன்னலைச் சாத்து" என்று எனக்கு உத்தரவிட்டார். அம்மா எனக்கு ஒரு வேலை சொல்லி அன்றைக்கு எத்தனை மாதங்கள் ஆகியிருந்தன! மறதி நோய் வந்தவருக்கு எல்லாவற்றையும் நாம்தான் செய்கிறோம். குளிப்பாட்டுகிறோம், ஊட்டுகிறோம், மாத்திரை தருகிறோம். அவரை நம்பி இருக்கும் ஜீவன் என்று ஒன்றுகூட வீட்டில் இல்லாமல் போய்விடுகிறது. அந்த வெற்றிடத்தில்தான் செவலை வந்து உட்கார்ந்தது.

ஏமாற்று பற்றிக் கேட்டீர்கள். எங்கள் ஊர் மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போது சாலையில் விழுந்து இறந்தது. ஊரே அழுதது. வெள்ளிக்கிழமை தவறாமல் அருகம்புல் கட்டோடு போனவர் அம்மா. நோய் முற்றிய பிறகு, "லட்சுமிக்குப் புல் வாங்கினாயா?" என்று கேட்பார். லட்சுமி இறந்துவிட்டாளே அம்மா என்று நான் உண்மையைச் சொல்வேன். அப்போதுதான் முதன்முறையாகக் கேட்பவர் போல் நெஞ்சிலடித்து அழுவார். மறுவாரம் மீண்டும் கேள்வி, மீண்டும் அதே அழுகை. ஐந்தாறு முறைக்குப் பிறகு, "லட்சுமிக்கு எந்தப் பழம் பிடிக்கும் அம்மா?" என்று திருப்பிக் கேட்கக் கற்றுக்கொண்டேன். அது பொய் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

செவலை விஷயத்திலும் அப்படித்தான். இது உயிருள்ளது என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு மதியம் அம்மா அதற்கு மோர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தார். ரோமத்தில் சோறு ஒட்டினால் துடைப்பது பெரும்பாடு. "அம்மா, இது பொம்மை" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "மரப்பாச்சிதானே, எனக்குத் தெரியாதா? அதற்காகப் பட்டினி போட முடியுமா?" என்றார். மரப்பாச்சிக்கும் சொப்புச் சாமான்களில் சமைத்துச் சோறூட்டி வளர்ந்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். மரம் என்று தெரிந்தேதான் ஊட்டினோம். அன்றிலிருந்து வெறும் கிண்ணம் ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன். அதில் பிசைந்து ஊட்டுகிறார்.

இதில் ஆராய்ச்சியும் நிறைய நடந்திருக்கிறது. ஜப்பானில் தகானோரி ஷிபாடா உருவாக்கிய பாரோ என்ற இயந்திரச் சீல் (கடலில் வாழும் விலங்கு) குட்டிதான் இவற்றில் புகழ்பெற்றது. நாயும் பூனையும் எல்லோருக்கும் பழக்கமானவை என்பதால் இயந்திரத்தை உயிருள்ளதோடு ஒப்பிட்டுக் குறை காண்பார்கள், சீலைப் பழகியவர்கள் குறைவு என்று யோசித்து அந்த உருவத்தைத் தேர்ந்தெடுத்தார். அமெரிக்காவில் 2009-இல் அதை மருத்துவச் சாதனமாகவே வகைப்படுத்தினார்கள். விலை சுமார் 6,000 டாலர். அதை வாங்க நினைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 28 முதியோர் இல்லங்களில், மறதி நோய் உள்ள 415 பேரிடம் பாரோவைச் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவிடம் இயங்கும் பாரோவையும், இன்னொரு குழுவிடம் இயக்கத்தை நிறுத்திய பாரோவையும் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். வழக்கமான பராமரிப்பைவிட பாரோவால் மனநிலை மேம்பட்டது, பதற்றம் குறைந்தது. ஆனால் இயக்கம் நிறுத்திய பொம்மையோடு ஒப்பிட்டால், இயங்கும் பாரோவிடம் முதியவர்கள் கூடுதலாகப் பேசினார்கள், கூடுதலாகப் பார்த்தார்கள். மற்றபடி வித்தியாசம் இல்லை. கையில் காசு குறைவு என்றால் நல்ல துணிப்பொம்மையில் தொடங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்களுக்கு நேர்ந்த துன்பத்தையும் சொல்ல வேண்டும். ஓர் இரவு பேட்டரி தீர்ந்துபோனது. அம்மா தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "செத்துவிட்டது" என்று தெரு கேட்க அழுதார். கடிகாரத்தில் போடும் பேட்டரி இதற்குப் போதாது, குண்டான சி அளவு வேண்டும். மறுநாள் நேரு வீதியில் மூன்று கடைகள் ஏறி இறங்கித்தான் கிடைத்தது. அதற்குள் அம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை. இதை மறதி நோயின் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஜப்பானில் சோனியின் ஐபோ என்ற இயந்திர நாய்களுக்குப் பழுதுபார்க்கும் சேவை 2014-இல் நின்ற பிறகு, இசுமி ஊரின் பௌத்தக் கோயிலில் அவற்றை வரிசையாக வைத்துப் பூசை செய்து வழியனுப்பினார்கள். தெளிவான புத்தி உள்ளவர்கள்தான் அதைச் செய்தார்கள். இப்போது நான் மாதம் ஒருமுறை அம்மா தூங்கும்போது பேட்டரி மாற்றிவிடுகிறேன்.

இன்னொரு தவறு என்னுடையது. முதல் மாதத்தில் அம்மா அமைதியாக இருக்கிறார் என்று வேலையிலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வரத் தொடங்கினேன். பகல் துணைக்கு வரும் பெண்ணும் பூனையை மடியில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன் போய் உட்கார்ந்தாள். மூன்றே வாரத்தில் அம்மா பூனையைத் தொடுவதையே விட்டுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, "செவலை என்ன சொல்கிறான்?" என்று யாராவது கேட்டால்தான் அதன் மேல் கை போகிறது. வீடியோ அழைப்பில் அக்காவோடு இரண்டு நிமிடம் பேசவே தடுமாறியவர், இப்போது பூனையைத் தூக்கிக் காட்டி இருபது நிமிடம் பேசுகிறார். அக்காவின் பெயர் சில நாட்களில் நினைவில் இருப்பதில்லை. ஆனாலும் பேச்சு ஓடுகிறது.

உங்கள் அப்பாவுக்கு மறதி நோய் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. தெளிவாக இருக்கிறார் என்றால், பார்சலில் அனுப்பித் திகைக்க வைக்காதீர்கள். அவரிடமே கேளுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடந்துபோய்த் தெருநாய்களுக்கு பிஸ்கட் போடுகிறவராக இருந்தால், இந்த இயந்திரம் அவருக்கு வேண்டவே வேண்டாம். நடக்க முடியாதவர், வீட்டோடு இருப்பவர், முன்பு நாய் வளர்த்தவர் என்றால், அந்த நாயின் நிறம் என்ன, பெயர் என்ன என்று முதலில் விசாரியுங்கள். வாங்க முடிவு செய்தால், நீங்களே கடலூருக்குக் கொண்டுபோய் ஒரு வாரமாவது உடனிருந்து பழக்குங்கள். பேட்டரி இரண்டு செட் கூடுதலாக எடுத்துப் போங்கள்.