பர்கண்டியில் ஒயின் சுவைக்க: நாளைக்கு இரண்டு இடம் போதும்

கேள்வி: செப்டம்பர் கடைசி வாரம் நானும் மனைவியும் சென்னையிலிருந்து பாரிஸ் போகிறோம். அதில் மூன்று நாளைப் பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் உள்ள திராட்சைத் தோட்டங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். கார் எடுக்கும் எண்ணம் இல்லை. எனக்கு ஒயின் பிடிக்கும், நுணுக்கம் தெரியாது. மனைவி சைவம், குடிப்பதில்லை. தோட்டத்துக்கு நேரே போய்க் கதவைத் தட்டலாமா? ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்? சுவைத்தால் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: முதலில் தேதியைப் பார்த்துவிடுவோம். பர்கண்டியில் அறுவடை இப்போதெல்லாம் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதல் பாதியிலோ தொடங்கிவிடுகிறது. பழம் பறித்து முடித்தாலும் வேலை ஓயாது. சிவப்பு ஒயின் தொட்டியில் நொதிக்கும்போது தோல்கள் மேலே மிதந்து வந்து கெட்டியாகப் படியும். அவற்றைத் தினமும் உள்ளே அமுக்கிவிட வேண்டும். நாலைந்து பேர் மட்டும் உழைக்கும் குடும்பத் தோட்டத்தில் அந்த வாரங்களில் விருந்தாளியைக் கவனிக்க ஆள் இருக்காது. கதவைத் தட்டுவதை மறந்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது. பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு போவது நல்லது. நவம்பர் மூன்றாவது ஞாயிறு மட்டும் வேண்டாம். பர்கண்டி ஒயின் வணிகத்தின் மையமான போன் (Beaune) நகரத்துப் பழைய மருத்துவமனையின் பெயரில் 1859 முதல் நடக்கும் ஒயின் ஏலம் அன்றுதான். அறை கிடைப்பதே பெரும்பாடு.

தேதியை மாற்ற முடியாது என்றால் பெரிய நிறுவனங்களை நாடுங்கள். போன் நகருக்குள்ளேயே ஜோசப் துருவான் போன்ற பழைய ஒயின் வணிகக் குடும்பங்களின் நிலவறைகள் உண்டு. இங்கே பார்வையாளருக்கென்று தனி ஆட்கள் இருப்பதால் அறுவடை சமயத்திலும் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். சிறு தோட்டங்களில் ஒன்றிரண்டுக்கும் எழுதிப் பாருங்கள். ‘இப்போது முடியாது’ என்று பதில் வந்தால் மனத்தாங்கல் வேண்டாம்.

மின்னஞ்சலை மூன்று வாரம் முன்பே அனுப்புங்கள். நாள், நேரம், எத்தனை பேர், எந்த மொழியில் பேச வேண்டும், இரண்டு பேரில் ஒருவர் குடிக்க மாட்டார், விருப்பப்பட்டால் சில பாட்டில்கள் வாங்குவோம்: இவ்வளவும் ஆறு வரியில் அடங்க வேண்டும். முதல் இரண்டு வரியைப் பிரெஞ்சில் எழுதினால் பதில் வரும் வாய்ப்பு கூடும். பகல் 12 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம், ஞாயிறு பெரும்பாலும் விடுமுறை. ஆகவே காலை 10 மணிக்கு ஒன்று, பிற்பகல் 3 மணிக்கு ஒன்று. ஒரு நாளைக்கு இந்த இரண்டு போதும்.

ஏன் இரண்டு என்பதற்கு ஒரு கணக்கு. ஓரிடத்தில் ஆறு ஒயின் ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் 40 மி.லி. என்றால் மொத்தம் 240 மி.லி., ஏறக்குறைய பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. 13 சதவீத ஒயினில் அது கிட்டத்தட்ட 25 கிராம் ஆல்கஹால். எல்லாவற்றையும் விழுங்கினால் இரண்டாவது இடத்திலேயே நாக்கு மரத்துப்போகும். மூன்றாவது இடத்தில் எல்லாமே ஒரே சுவையாகத் தெரியும். அதனால்தான் துப்புகிறார்கள். மேசையோரம் வைத்திருக்கும் பாத்திரத்துக்குக் கிராஷ்வார் என்று பெயர். அதில் துப்புவது அநாகரிகமல்ல. சுவைக்கத் தெரிந்தவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். உதட்டைக் குவித்து, மெல்லிய தாரையாக, கொஞ்சம் வேகமாகத் துப்ப வேண்டும். மெதுவாகத் துப்பினால் தாடையில் வழியும். கிளம்பும் முன் வீட்டில் தண்ணீரை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த இரண்டு இடத்தில் எதைக் கேட்டுச் சுவைப்பது? பர்கண்டியில் சிவப்பு என்றால் பினோ நுவார், வெள்ளை என்றால் ஷார்தொனே, கொஞ்சம் அலிகோத்தே. பெரும்பாலும் அவ்வளவுதான் திராட்சை வகை. வித்தியாசத்தை உண்டாக்குவது நிலம். கிழக்கு பார்த்த ஒரு நீண்ட சரிவு. அதன் நடுப்பகுதியில் நீர் வடியும் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்த மண், நல்ல வெயில். மிக உயர்ந்த தரமான கிரான் க்ரு, அதற்கு அடுத்த தரமான பிரமியே க்ரு நிலங்கள் பெரும்பாலும் இங்கேதான். அடிவாரத்தில் ஊர்ப் பெயரோடு விற்கும் ஒயின், நெடுஞ்சாலைக்கு அப்பால் சமவெளியில் வெறும் ‘பூர்கோன்ய்’ (பர்கண்டியின் பிரெஞ்சுப் பெயர்) என்ற பெயரில் வரும் ஒயின். எல்லை குறித்துப் பெயரிட்ட இந்தத் துண்டு நிலங்களைக் க்ளிமா என்பார்கள். 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றவை.

ஆகவே பத்துத் தோட்டங்களில் ஒவ்வொரு கோப்பை குடிப்பதைவிட, ஒரே தயாரிப்பாளரின் ஒரே ஆண்டு ஒயினை மூன்று நான்கு நிலங்களிலிருந்து வரிசையாகச் சுவைப்பது மேல். ஆளும் ஒன்று, பழமும் ஒன்று, ஆண்டும் ஒன்று. நிலம் மட்டும் மாறுகிறது. நுணுக்கம் தெரியாதவருக்குக்கூட வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முன்பதிவின்போதே இப்படிக் கேட்டுவிடுங்கள்.

கோப்பையில் மூன்றை மட்டும் கவனித்தால் போதும். புளிப்பு: துப்பிய பிறகு கன்னத்தின் உட்பக்கம் எவ்வளவு நீர் ஊறுகிறது? துவர்ப்பு: சிவப்பு ஒயினில் ஈறும் உதட்டின் உட்புறமும் காய்ந்துபோகிறதா, அந்த வறட்சி பட்டுப்போலா, மணல்போலா? நீளம்: துப்பியதிலிருந்து சுவை மறையும்வரை மனத்துக்குள் எண்ணுங்கள். சாதாரண ஒயின் நாலைந்து நொடியில் போய்விடும், நல்லது பத்தைத் தாண்டும். செர்ரி வாசனை, காளான் வாசனை என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வது உங்களுக்குத் தெரியாவிட்டால் தலையாட்ட வேண்டாம்.

இங்கே பலர் சிவப்பை முதலிலும் வெள்ளையை அடுத்தும் தருவார்கள். மற்ற ஊர்ப் பழக்கத்துக்கு இது நேர்மாறு. வெள்ளையின் புளிப்பு நாக்கில் இருந்தால் சிவப்பின் துவர்ப்பு கரடுமுரடாகத் தெரியும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நிலவறையில் வெப்பம் 12, 13 டிகிரிதான். உங்களுக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். சிவப்பு ஒயினுக்கும் அந்தக் குளிர் ஆகாது, வாசனை அடங்கி, துவர்ப்பு தூக்கலாகத் தெரியும். கோப்பையைத் தண்டில்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள்; இங்கே மட்டும் இரண்டு உள்ளங்கையாலும் கிண்ணத்தைப் பொத்தி ஒரு நிமிடம் வைத்திருந்து முகர்ந்து பாருங்கள். அத்தர், சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். பல் துலக்கிய உடனேயும், காபி குடித்த உடனேயும் நாக்கு சரியாகச் சொல்லாது.

சிலர் பாட்டிலை விட்டுவிட்டு 228 லிட்டர் ஓக் பீப்பாயிலிருந்தே கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி ஊற்றுவார்கள். அது கலங்கலாக இருக்கும், நாக்கில் லேசாகச் சுருக்கென்று குத்தும். கெட்டுப்போனதல்ல, நொதித்தபோது உண்டான வாயு இன்னும் அதில் இருக்கிறது. கோப்பையில் மிச்சமிருந்தால் உடனே துப்பும் பாத்திரத்தில் கொட்டிவிடாமல் ஊற்றியவரைப் பாருங்கள். விலையுயர்ந்த ஒயின் என்றால் மிச்சத்தைத் திரும்பப் பீப்பாய்க்குள்ளேயே ஊற்றிவிடும் வழக்கம் உண்டு. பாட்டில் ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் அது தக்கையால் வந்த கெடுதல். தயங்காமல் சொல்லலாம், வேறு பாட்டில் திறப்பார்கள்.

கார் இல்லாதது குறையே இல்லை. பாரிஸின் கார் த லியோன் நிலையத்திலிருந்து டிஜோனுக்கு அதிவேக ரயிலில் சுமார் 1 மணி 40 நிமிடம்; அங்கிருந்து உள்ளூர் ரயிலில் போன் நகரம் அரை மணிக்குள். நகரிலேயே தங்கி, சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் தோட்டங்களுக்கு நடுவே சான்த்னே வரை 22 கிலோமீட்டர் போகும் வுவா தே வீன் பாதை இருக்கிறது. பொமார், வொல்னே, மெர்சோ, புலீன்யி-மோன்ராஷே எல்லாம் அந்த வழியில்தான். மெர்சோ போய்த் திரும்புவதே முதல் நாளுக்குச் சரியாக இருக்கும். ஆனால் மது வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும்: ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமுக்குள் இருக்க வேண்டும். துப்புவதற்கு இன்னொரு காரணம்.

புலீன்யியில் ஒயினே குடிக்காமல் கற்றுக்கொள்ள ஒரு பாடம் உண்டு. ஊருக்கு மேலே குறுகலான ஒரு சாலை. மேல்பக்கம் சுமார் 8 ஹெக்டேர் மோன்ராஷே நிலம், கீழ்ப்பக்கம் பத்தார்-மோன்ராஷே. இரண்டும் கிரான் க்ரு, ஆனாலும் சாலையைத் தாண்டினால் விலை வேறு. குனிந்து பாருங்கள்: மேலே மண் ஆழம் குறைவு, கல் அதிகம், கீழே மண் கனமாகிக்கொண்டே போகும். வரிசைகளுக்குள் நுழைவதும் பழத்தைப் பறிப்பதும் கூடாது. கொடியில் விட்டுவைத்த குலைகூட உரிமையாளருடையதுதான்.

உங்கள் மனைவிக்குப் பல இடங்களில் திராட்சைச் சாறு தருவார்கள். முன்பே சொன்னால் கட்டணமும் குறையலாம். 1443-இல் கட்டத் தொடங்கிய, வண்ண ஓட்டுக் கூரையுள்ள ஒத்தெல்-தியு, மேலே சொன்ன அந்தப் பழைய மருத்துவமனை, அரை நாளுக்குத் தாங்கும். 1840 முதல் இயங்கும் ஃபாலோ கடுகு ஆலையும் நகரிலேயே உண்டு. ஆனால் அங்கே ‘பூர்கோன்ய்’ என்ற பெயரில் விற்கும் கடுகு விழுதில் வெள்ளை ஒயின் சேரும். ஒயினோடு தரும் கூஜேர் உருண்டையில் பாலாடைக்கட்டியோடு முட்டையும் உண்டு. கோம்தே, எப்வாஸ் போன்ற பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்க்கிறார்கள். ஒயினும் எப்போதும் சைவம் என்று சொல்ல முடியாது: தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பாற்புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை என்று எதையாவது பயன்படுத்துவதுண்டு. ‘நோன் கொல்லே’ என்று லேபிளில் இருந்தால் தெளிய வைக்க இப்படி எதையும் சேர்க்கவில்லை என்று பொருள்.

வாங்கும் கட்டாயம் இல்லை, கட்டணம் செலுத்தியிருந்தால். இலவசமாக ஒரு மணி நேரம் செலவழித்து ஆறு ஒயின் ஊற்றியவரிடம் இரண்டு பாட்டிலாவது வாங்காமல் கிளம்புவது சரியில்லை. பெயர்பெற்ற நிலத்தின் மலிவான ஒயினைத் தேடுவதைவிட, உங்களுக்குப் பிடித்த தயாரிப்பாளரின் சாதாரணப் ‘பூர்கோன்ய்’ ஒயினை வாங்குங்கள். அதே கைதான், காத்திருக்காமல் குடிக்கலாம்.

பாட்டிலைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியில்தான். ஒவ்வொன்றையும் காற்றுக் குமிழி உறையில் சுற்றி, துணிகளுக்கு நடுவே, பெட்டியின் ஓரத்தைத் தொடாதபடி வையுங்கள். இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. 750 மி.லி. பாட்டில் மூன்று என்றால் 2.25 லிட்டர், வரம்பைத் தாண்டிவிடும். உங்கள் மனைவி குடிக்காவிட்டாலும் அவருக்கும் தனியாக 2 லிட்டர் உண்டு: ஆளுக்கு இரண்டாக நான்கு பாட்டில், அவரவர் பெட்டியில்.