சேவல் வழக்கு – கடிதம்

அன்புள்ள சார்,

நீங்கள் பரிந்துரைத்தீர்கள் என்று ஜேன் வெல்ஷ் கார்லைலின் கடிதங்களைப் படிக்க ஆரம்பித்தேன். நூறு பக்கம் தாண்ட முடியவில்லை. யாருக்குச் சளி, எந்த வேலைக்காரி நின்றுவிட்டாள், பக்கத்து வீட்டுச் சேவல் எத்தனை மணிக்குக் கூவியது, இவ்வளவுதான். எங்கள் தெருக் குழாயடியில் இதைவிடச் சுவையான சண்டை நடக்கும். தாமஸ் கார்லைல் என்ற பெரிய எழுத்தாளரின் மனைவி என்பதைத் தவிர இவற்றைப் பாதுகாக்க வேறு என்ன காரணம்? கேலியில்லை, புரியாமல்தான் கேட்கிறேன்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

குழாயடிச் சண்டையை யாராவது முப்பது வருடம் விடாமல், நாளும் மணியும் போட்டு, சிரிக்கச் சிரிக்க எழுதி வைத்திருந்தால் அதையும் பரிந்துரைத்திருப்பேன்.

முதலில் சளி. 1840 ஜனவரியில், ஒரு பென்னிக்கே கடிதம் அனுப்பும் பென்னி தபால் வரும்வரை பிரிட்டனில் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் காசு கொடுக்கவேண்டும். தூரத்துக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம். செய்தித்தாளுக்கோ தபால் செலவில்லை. லண்டனிலிருந்த கார்லைலும் ஸ்காட்லாந்திலிருந்த அவர் வீட்டாரும் படித்து முடித்த பேப்பரை மாற்றி மாற்றி அனுப்புவார்கள். முகவரிக்குப் பக்கத்தில் இரண்டு கோடு இழுத்திருந்தால் எல்லோரும் சுகம் என்று அர்த்தம். நம் ஊர் மிஸ்டு கால் தந்திரம்தான்! கார்லைலின் அம்மா மார்கரெட், மகனுக்குக் கடிதம் போடவேண்டும் என்பதற்காகவே பெரியவயதில் எழுதக் கற்றவர். இந்தக் குடும்பம் இருமலைப் பற்றி நான்கு வரி எழுதினால் நான் தாண்டிப் போகமாட்டேன்.

இனி சேவல். 1834இல் லண்டனின் செல்சி பகுதியில், செய்னி ரோ தெருவில், வருடம் 35 பவுன் வாடகைக்கு இருவரும் குடிவந்தார்கள். கார்லைலுக்குக் கோழித்தூக்கம், பக்கத்து வீட்டிலோ நிஜக்கோழி. போதாததற்குப் பியானோ, கிளி. 1853இல் வீட்டின் உச்சியில் இரட்டைச் சுவர் வைத்து, கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும்படி ஒரு சத்தம் புகாத அறை கட்டினார்கள். செலவு சுமார் 170 பவுன், கிட்டத்தட்ட ஐந்து வருட வாடகை. உள்ளே போய் உட்கார்ந்தால், அதுவரை காதில் விழாத ஆற்றுப் படகு ஊதலும் தூரத்து ரயில் விசிலும் கேட்க ஆரம்பித்தன. பிரஷ்யாவின் பிரெடெரிக் மன்னரின் வரலாற்றை அங்கே உட்கார்ந்துதான் எழுதினார், சபித்துக்கொண்டே.

அந்த வருடம் டிசம்பரில் இருவரும் ஹாம்ப்ஷயரில் ஆஷ்பர்ட்டன் பிரபு வீட்டில் விருந்தாளிகள். அறையும் கைவிட்ட பிறகு, சேவல் விவகாரத்தை முடிக்க ஜேன் மட்டும் லண்டன் திரும்பினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் 5 பவுன் கொடுத்து, இனிப் பறவையோ மிருகமோ வளர்ப்பதில்லை, மீறினால் 10 பவுன் தண்டம் என்று எழுதி வாங்கிவிட்டார். கார்லைல் அங்கிருந்து அம்மாவைப் பார்க்க ஸ்காட்லாந்திலுள்ள ஸ்காட்ஸ்பிரிக் போனார். டிசம்பர் 25 அன்று அம்மா இறந்துபோனார். அந்த மாதக் கடிதங்களில் சேவலும் சாவும் அடுத்தடுத்து வருகின்றன. சேவலை அலுப்பு என்று தள்ளினால் சாவு வந்த வீடும் உங்களுக்குக் கண்ணில் படாது.

மௌனத்தின் மகிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர் கார்லைல். அந்த மௌனத்தைப் பேரம் பேசி வாங்கி வந்தவர் ஜேன். நான் இந்தக் கடிதங்களைப் படிப்பது அதற்காகத்தான். கணவரின் எழுத்தில் இந்த வேலை தெரியாது. பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும் என்று நம்மவர்கள் கேட்பார்கள். இங்கே பொழுது விடியாமல் பார்த்துக்கொள்வதே அந்த அம்மாளின் உத்தியோகம். தான் செய்வது எவ்வளவு வேடிக்கை என்று அவருக்கே நன்றாகத் தெரியும். 1855 பிப்ரவரியில் வீட்டுச் செலவுக்கு 29 பவுன் துண்டு விழுந்தபோது, நிதியமைச்சர் பாணியில் கணவருக்கு ஒரு பட்ஜெட்டே எழுதிக் கொடுத்தார்.

எனக்கு அவரிடம் ஒரு குறையும் உண்டு. வேலைக்காரிகள் என்றால் அவர் பேனா ஈவிரக்கம் பார்க்காது. அடித்தளச் சமையலறையிலேயே படுத்து எழுந்த பெண்கள் அவர்கள். அவர்கள் கதையையும் நாம் ஜேன் வாயால்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

1865இல் மறுபடியும் பக்கத்து வீட்டில் கோழிகள். ஜேனுக்கு அறுபது தாண்டிவிட்டது, உடம்பும் சரியில்லை. கணவர் எப்போது எழுந்து குதிப்பாரோ என்று இவர் தூங்காமல் கிடக்கிறார். பிறகு நேரே அந்த வீட்டம்மாவிடம் போய்ப் பேசுகிறார். காலை பத்து மணிவரை சேவலை அடைத்துவைக்கவேண்டும். பதிலுக்கு அந்த வீட்டுச் சிறுவனுக்கு ஜேன் பாடம் சொல்லிக்கொடுக்கவேண்டும். அடுத்த வருடம் ஏப்ரலில் லண்டன் ஹைட் பார்க்கில், வண்டியிலேயே ஜேனின் உயிர் போனது. ஸ்காட்லாந்திலிருந்த கார்லைலுக்குத் தந்தி முதலில் வந்தது, ஜேனின் கடைசிக் கடிதம் அதற்குப் பிறகு.

நீங்கள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கியது தப்பு. டியூக் பல்கலைக்கழகம் இருவர் கடிதங்களையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1853 டிசம்பரைத் திறந்து இரண்டு வாரத்தை மட்டும் படித்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் அலுத்தால் உங்கள் குழாயடிக்கு நான் வருகிறேன்.

அன்புடன்.