பூமியின் ரீங்காரம்: காற்றா, கடலா?

வணக்கம். பூகம்பம் இல்லாத நாளிலும் பூமி அதிர்ந்துகொண்டே இருக்கிறது, அதற்குக் காற்றுதான் காரணம் என்று படித்தேன். இன்னொரு கட்டுரை கடலலை என்கிறது. எது சரி? நிலநடுக்கமானிப் பதிவுகளை வைத்து நானே பார்க்க முடியுமா?
கு.

அன்புள்ள கு.,

பெரும்பங்கு கடலுடையதுதான். 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2 முதல் 7 மில்லிஹெர்ட்ஸ் (ஆயிரம் விநாடிக்கு 2 முதல் 7 அதிர்வு) வரையிலான இந்த ஓயாத அதிர்வைக் கண்டபோது, சந்தேகம் முதலில் காற்றழுத்த ஏற்ற இறக்கத்தின் மேல் விழுந்தது. 2004-இல் வேறு ஆய்வாளர்கள் அது எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். வடகோளக் குளிர்காலத்தில் வட பசிபிக், கோடையில் தென்கடல்கள். புயலலை எங்கே பெரிதோ அங்கே. காற்று கடலைக் கிளப்புகிறது, கடல் தரையைத் தட்டுகிறது. ஆக, படித்த கட்டுரை முழுப் பொய்யும் இல்லை.

காற்று நேரடியாகத் தலையிடுவது 3.7, 4.4 மில்லிஹெர்ட்ஸில். தரைக்கும் மேல் வளிமண்டலத்தின் வெப்ப அடுக்குக்கும் இடையே சிக்கிய நீள ஒலியலைகளும் பூமியின் மேற்பரப்பு அலைகளும் அங்கே ஒத்துப்போகின்றன. பூமி மணியைப் போலச் சில குறிப்பிட்ட அதிர்வெண்களில், அதாவது சுருதிகளில், ஒலிக்கிறது; அதனால் பக்கத்துச் சுருதிகளைவிட இவ்விரண்டும் சற்றே தூக்கலாக நிற்கும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது தொலைதூர நிலநடுக்கமானிகளிலும் ஏறத்தாழ 270, 230 விநாடிக்கு ஒருமுறை அதிரும் அலைகள்தான் தனித்துத் தெரிந்தன. அதே இரண்டு சுருதிகள்!

நீங்களே பார்க்கலாம், பொறுமை வேண்டும். விநாடிக்கு ஓர் அளவு தரும் செங்குத்துப் பதிவை மட்டும் எடுங்கள். கிடைமட்டப் பதிவு வேண்டாம்: காற்றழுத்தம் தரையைத் துளி சாய்த்தாலும் கருவி அதை முடுக்கமாகவே படிக்கும். பெரிய பூகம்பம் வந்த நாளையும் அடுத்த சில நாட்களையும் நீக்குங்கள். இந்தப் பகுதியில் சுருதிக்குச் சுருதி இடைவெளி சுமார் 0.09 மில்லிஹெர்ட்ஸ். மூன்று மணி நேரத் துண்டில் அவை பிரிந்தும் பிரியாமலும் கிடக்கும். ஓரம் தேய்த்த (இரு முனைகளும் படிப்படியாகச் சுழியத்துக்கு இறங்கும்படி செய்த) எட்டு மணி நேரத் துண்டு நல்லது. ஒரு துண்டில் எதுவும் தெரியாது. பல மாதத் துண்டுகளின் திறன் நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்ற வரைபடத்தை) சராசரி எடுத்தால்தான் சீப்புப்பல் போல முகடுகள் எழும்.

ஈர்ப்புவிசையின் நுண்ணிய மாற்றத்தை அளக்கும் ஈர்ப்புமானியின் பதிவு என்றால் இன்னொரு சிக்கல். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் கூடினால் ஈர்ப்பு ஏறத்தாழ 300 நானோகல் (நானோகல் என்பது ஈர்ப்பு முடுக்கத்தின் மிகச் சிறிய அலகு) குறைகிறது, மேலே சேர்ந்த காற்று கருவியின் எடையை மேல்நோக்கி இழுப்பதால். நாம் தேடும் சுருதியோ 1 நானோகலுக்கும் கீழே. ஆனால் அழுத்தத் திருத்தம் (காற்றழுத்தப் பதிவை வைத்து அந்த விளைவைக் கழிப்பது) நன்றாக உதவுவது 2 மில்லிஹெர்ட்ஸுக்குக் கீழேதான். 3.7-இல் அதனால் பெரிய பலன் இல்லை. அமைதியான நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி.