கேள்வி-பதில்: செல்களை இழுக்கும் புரதம் இழுக்காமல் போனால்

கேள்வி: செல்களைத் தன் பக்கம் இழுக்கும் மனித சி.எக்ஸ்.சி.எல்.12 புரதம், மறுசேர்க்கை முறையில் (மரபணுவை வேறு செல்லில் புகுத்தி) செய்தது, 10 மைக்ரோகிராம் குப்பி வந்திருக்கிறது. உள்ளே ஒன்றுமே இருப்பதாகத் தெரியவில்லை. எப்படிக் கரைப்பது?

பதில்: இருக்கிறது. உறைய வைத்து உலர்த்திய இவ்வளவு சிறிய அளவு பல சமயம் கண்ணுக்கே தெரியாது; சுவரிலோ மூடியின் உட்புறத்திலோ மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். அதனால் திறப்பதற்கு முன் அரை நிமிடம் மையவிலக்கியில் சுழற்றுங்கள். பிறகு 100 மைக்ரோலிட்டர் கிருமி நீக்கிய நீரைச் சுவரோரமாக இறக்கி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். வோர்டெக்ஸில் (குப்பியை வேகமாகக் குலுக்கும் கருவியில்) வைக்க வேண்டாம். நுரை எழுந்தால் புரதம் குலையும். இப்போது உங்களிடம் இருப்பது ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கரைசல்.

சேமிக்கப் போகிறீர்கள் என்றால் 0.1 சதவீத மாட்டு அல்புமின் சேருங்கள். இந்தப் புரதம் நீர்த்த நிலையில் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். அல்புமின் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிடும். ஒளிர்சாயம் ஏற்றப் போவதானால் மட்டும் அல்புமின் கூடாது, சாயம் முழுக்க அதன் மேலேயே போய்விடும். 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

கேள்வி: டிரான்ஸ்வெல்லில் (அடியில் துளைச் சவ்வு உள்ள கிண்ணம் குழிக்குள் தொங்கும் தட்டில்) ஜர்காட் செல்களை, அதாவது ஆய்வகத்தில் வளர்க்கும் மனித டி-செல்களை, மேலே வைத்தோம். கீழே மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் புரதம். ஊடகத்தில் 10 சதவீத சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்). புரதம் இருந்த குழியிலும் இல்லாத குழியிலும் இறங்கிய செல்கள் ஒரே எண்ணிக்கை. புரதம் கெட்டுவிட்டதா?

பதில்: முதலில் சீரத்தைச் சந்தேகப்படுங்கள். இந்தப் புரதம் 68 அமினோ அமிலம் கொண்டது. அதன் உயிர் முதல் இரண்டில், லைசின்-புரோலினில், இருக்கிறது. செல் மேலுள்ள சி.எக்ஸ்.சி.ஆர்.4 ஏற்பியின் உள்ளே நுழைந்து அதைத் தூண்டுவது அந்த முனைதான். சீரத்தில் டி.பி.பி.4 என்ற நொதி இருக்கிறது. அது சரியாக இந்த இரண்டை மட்டும் கத்தரித்துவிடும். மிஞ்சும் 66 ஏற்பியில் போய் உட்காரும், ஆனால் செல்லுக்கு எந்தச் செய்தியும் போகாது. முழுப் புரதத்துக்கும் இடம் கொடுக்காது. எலைசாவில் (எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தை அளக்கும் சோதனையில்) அளந்தால் புரதம் 'இருக்கிறது' என்றே வரக்கூடும், அதுதான் நம்மை ஏமாற்றும்.

எனவே செல்களை இருமுறை கழுவி, ஆர்.பி.எம்.ஐ. என்ற செல் வளர்ப்பு ஊடகத்தில் 0.5 சதவீத அல்புமின் மட்டும் சேர்த்து எடுங்கள். கீழே 600 மைக்ரோலிட்டர், மேலே 100 மைக்ரோலிட்டரில் 5 லட்சம் செல்கள், 5 மைக்ரான் துளைச் சவ்வு. 8 மைக்ரான் துளையில் அழைப்பே இல்லாமல் செல்கள் விழும். புரதத்தைக் குழிக்குழியாக 0.6 மைக்ரோலிட்டர் எடுத்து ஊற்ற முயலாதீர்கள், அந்த அளவில் பிப்பெட் பொய் சொல்லும். 3 மைக்ரோலிட்டரை 3 மில்லிலிட்டர் ஊடகத்தில் கலந்து, புரதம் வேண்டிய குழிகளுக்குப் பகிருங்கள். இன்சர்ட்டை, அதாவது சவ்வுள்ள மேல் கிண்ணத்தை, சாய்த்து இறக்குங்கள். சவ்வின் அடியில் ஒரு குமிழி மாட்டினாலும் அந்தக் குழி வீண். 37 டிகிரியில் மூன்று மணி நேரம், தட்டை அசைக்காமல்.

இதன் பிறகும் நகரவில்லை என்றால் புரதத்தோடு வந்த பொருள் தாளில் அமினோ அமில வரிசையைப் பாருங்கள். லைசின்-புரோலின்-வாலின் என்று தொடங்க வேண்டும். ஈ.கோலை பாக்டீரியாவில் செய்த புரதத்தில் முன்னால் ஒரு மெத்தியோனினோ, ஹிஸ்டிடின் வாலோ (புரதத்தைப் பிரித்தெடுக்கச் சேர்க்கும் ஹிஸ்டிடின் தொடரோ) எஞ்சியிருந்தால் செயல்திறன் சரியும். வால் தேவையென்றால் பின்முனையில் உள்ளதை வாங்குங்கள்.

கேள்வி: 1,000 நானோகிராம் போட்டால் 100-ஐ விடக் குறைவாக நகர்கிறதே?

பதில்: அது இயல்பு. வரைபடம் மணி வடிவில்தான் வரும். அளவு மிகுந்தால் ஏற்பிகள் செல்லுக்குள் இழுக்கப்பட்டுவிடும்; செறிவு வேறுபாட்டை உணரச் செல்லிடம் ஏற்பி இருக்காது. 10, 30, 100, 300 என்று ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி: திசையறிந்துதான் நகர்கிறது என்று எப்படி நிரூபிப்பது?

பதில்: ஒரு குழியில் மேலும் கீழும் ஒரே அளவு புரதம் போடுங்கள். அங்கும் செல்கள் இறங்கினால் அது வெறும் பரபரப்பு, ஈர்ப்பு அல்ல. இன்னொன்றில் செல்களை 10 மைக்ரோமோலார் பிளெரிக்சாஃபரில் அரை மணி ஊறவிட்டு, மருந்தோடேயே மேலே விடுங்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைக்க 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதே மருந்து, சி.எக்ஸ்.சி.ஆர்.4-ஐ அடைத்துவிடும். இறங்கும் எண்ணிக்கை புரதமில்லாத குழியின் அளவுக்குச் சரிந்தால், இழுத்தது இந்தப் புரதம்தான்.