பாய்மரப் படகின் டீசல் இன்ஜின் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, பேட்டரி புதுசு. நாசில் மாற்றினால் சரியாகுமா?

டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலை இப்போதைக்குத் தொடாதீர்கள். மேலே ஒருவர் "நாசில், பம்ப் எல்லாவற்றையும் இறக்கி ஓவர்ஹால் பண்ணிவிடுங்கள்" என்று பதில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். செலவு அவருடையது இல்லையே.

நான் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்ச் இன்ஜின், அதாவது டிராலர் விசைப்படகு இன்ஜின், பார்க்கிறவன். டிராலர் மெக்கானிக்குக் குட்டி இன்ஜின் பற்றி என்ன தெரியும் என்று யாராவது வருவார்கள், வரட்டும். சிலிண்டர் இரண்டோ ஆறோ, டீசலுக்கு வேலை ஒன்றுதான். காற்றை அழுத்தினால் சூடாகும், அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். குளிரில் சூடு பத்தவில்லை என்று சொல்ல நம்ம ஊர் மார்கழி ஒன்றும் காஷ்மீர் இல்லை.

ஒருமுறை ஓடிவிட்டால் அப்புறம் அன்றைக்கு முழுக்கத் தொந்தரவு இருக்காதே? அப்படியென்றால் உங்கள் கதையும் நான் பார்த்த கதைதான்.

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, எங்களுக்கு சர்வீஸ் வேலை குவியும். அப்படி ஒரு நாள் தெற்கே அடையாறு பக்கமிருந்து ஒருவர் போன் பண்ணினார். பாய்மரப் படகு, இதே பிரச்சினை. வந்து அழைத்துப் போகிறேன் என்றவர், கூடவே "காசிமேட்டில் காரை நிறுத்தினால் பத்திரமா இருக்குமா?" என்றார். சார், எங்கள் பக்கம் காருக்கு ஆபத்து மனுஷனால் இல்லை, எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரியால்தான். அதற்கு நடுவில் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள், அதை ஒருத்தரும் கேட்பதில்லை. சரி, விடுங்கள்.

அவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நான் சைலன்சர் வாயில் நின்றேன். இன்ஜின் நல்ல வேகமாகவே சுற்றியது. ஆனால் பொட்டுப் புகை இல்லை. புகையே இல்லையென்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை என்று அர்த்தம். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது கம்ப்ரஷன் (காற்றின் அழுத்தம்), சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், நாசில் என்று தேடலாம்.

பெரும்பாலான பாய்மரப் படகுகளில் டேங்க் இன்ஜினைவிடத் தாழ்வாக இருக்கும். வழியில் எங்காவது துளி காற்று புகுந்தால் ராத்திரியில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பைப்பில் வெறும் காற்று. இதில் சிக்கல் என்னவென்றால், டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் பம்ப் இழுக்கிற பக்கம். அங்கே லீக் இருந்தாலும் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும் கை காய்ந்தே இருக்கும்.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி மாதிரித் தெரியும் டியூபைக் கொஞ்ச நேரத்துக்குப் போட்டேன். டீசலைக் கையால் ஏற்றும் பிரைமரை அமுக்க அமுக்கக் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஃபில்டர் மூடிக்குக் கீழே பழைய ரப்பர் வளையத்தின் மேலேயே புதுசையும் போட்டு முறுக்கியிருக்கிறார்கள்! யார் செய்த சர்வீஸ் என்று அவர் சொன்னார், நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரே வளையமாகப் போட்டு, ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை ஏர் எடுத்தேன். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் என்று அவரே போன் பண்ணினார்.

பேட்டரி புதுசு என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது செல்ஃப் மோட்டார் முனையிலேயே மீட்டரை வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியில் அது 10-க்குக் கீழே விழுந்தால் கேபிள் முனை, எர்த் இரண்டையும் கழற்றிப் பச்சைக் களிம்பைச் சுரண்டுங்கள். உப்புக் காற்றில் இது சாதாரணம். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம், ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் வெடித்துவிடும்.

இன்னொன்று, லாஞ்சுக்காரர்களே மறக்கிற விஷயம். திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பதாக இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே வரும் கடல் தண்ணீரின் வால்வை மூடிவிட்டு அடியுங்கள். இன்ஜின் ஓடாதபோது தண்ணீரை வெளியே தள்ளப் புகை இருக்காது, அது சைலன்சரில் நிறைந்து சிலிண்டருக்குள் ஏறும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். ஸ்டார்ட் ஆன உடனே வால்வைத் திறக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் தண்ணீர் பம்பின் ரப்பர் கருகும்.

புகை என்ன நிறம் என்று பார்த்துக் கீழே எழுதுங்கள், வெள்ளை என்றால் நாசிலைப் பற்றி அப்போது பேசலாம்.