கடுகு, முட்டைக்கோஸ் பயிர்களுக்கு எதிர்ப்புத் தூண்டிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, முட்டைக்கோஸ் இலை ஓரத்திலிருந்து முக்கோணமாக மஞ்சள் இறங்குகிறது. எதிர்ப்புத் தூண்டியான அசிபென்சோலார் தெளிக்கலாமா?

பதில்: அது கருப்பு அழுகல். இப்போது தெளித்தால் பணம்தான் வீண். அசிபென்சோலார் பாக்டீரியாவைக் கொல்லாது. நோய் தாக்கும்போது செடி தானே உண்டாக்கும் சாலிசிலிக் அமிலத்தைப் போல நடந்து, செடியின் எதிர்ப்பை எழுப்பும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். நோய்க்கு முன்பே கொடுக்க வேண்டியது அது. இந்த நோய் விதையோடு வருவது. அடுத்த முறை விதையை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 நிமிடம் ஊறவைத்து, உலர்த்தி விதையுங்கள்.

கேள்வி: ஆஸ்பிரின் மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் போதும் என்கிறார்களே?

பதில்: ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலத்திலிருந்து செய்யப்படுவது. 1979-இல் ரேமண்ட் வைட் என்ற ஆய்வாளர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரினைச் செலுத்தி, தேமல் வைரஸின் புள்ளிகள் குறைவதைக் கண்டார். பேச்சு அங்கிருந்து வந்தது. ஆனால் வயலுக்கு மாத்திரை வேண்டாம். ஆய்வுகளில் பெரும்பாலும் லிட்டருக்கு 138 மில்லிகிராம் சாலிசிலிக் அமிலம், அதாவது 1 மில்லிமோலார் அளவில் பயன்படுத்துகிறார்கள். கூடினால் இலை கருகும். முதலில் நாலைந்து செடிகளில் தெளித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கடுகில் வெண்துருவும் ஆல்டர்னேரியா இலைப்புள்ளியும் சேர்ந்தே வருகின்றன. ஒரே தூண்டி போதாதா?

பதில்: இதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். வெண்துரு உயிருள்ள திசுவில் உண்டு வாழ்வது. அதற்குச் சாலிசிலிக் அமிலம் எழுப்பும் எதிர்ப்பு வழி ஏற்றது. ஆல்டர்னேரியா திசுவைக் கொன்று தின்பது. அதை எதிர்க்க, செடி உண்டாக்கும் இன்னொரு பொருளான ஜாஸ்மோனிக் அமிலத்தின் வழி வேண்டும். கடுகின் உறவான, ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் செடியில் இது தெளிவாகத் தெரிந்தது. ஒரு வழியை அதிகமாக முடுக்கினால் மற்றது அடங்கும். ஒன்றுக்குக் கொடுத்த மருந்து மற்றதற்குக் கதவைத் திறந்துவிடலாம் என்பதால், எது முதலில் வருகிறது என்று பார்க்காமல் தெளிக்க நான் ஒப்புவதில்லை.

கேள்வி: பீட்டா அமினோ பியூட்டிரிக் அமிலம் என்ற தூண்டி எப்படி?

பதில்: கடுகில் ஆல்டர்னேரியாவைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் அது புரதம் கட்டும் நொதி ஒன்றில் போய் ஒட்டுகிறது. அளவு மிஞ்சினால் செடி குன்றிவிடும்.

கேள்வி: ஊட்டிப் பக்கம் முட்டைக்கோஸ் வேர் தடித்து வீங்குகிறது, ஐயா.

பதில்: அது கிளப்ரூட் எனும் வேர்வீக்க நோய். மண்ணின் புளிப்பைக் குறையுங்கள். கார அமிலத்தன்மை (pH) 7-ஐத் தாண்டும்வரை சுண்ணாம்பு இடுங்கள். அந்த நோயின் வித்துகள் பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் கிடக்கும்; தூண்டியை நம்பி அதே நிலத்தில் மறுபடி முட்டைக்கோஸ் வைக்காதீர்கள்.