பழைய ஜீப்பின் புடைப்பெழுத்துத் தகட்டை வீட்டிலேயே மறுபடி செய்ய முடியுமா?

முடியும். பழைய ஜீப்பைப் புதுப்பிக்கிறீர்கள், டேஷ்போர்டில் இருந்த அலுமினிய டேட்டா பிளேட்டில் (வண்டியின் விவரங்கள் பொறித்த தகடு) பாதி எழுத்து அரித்துப் போய்விட்டது, அதே மாதிரி எழுத்து மேடாக நிற்கிற தகடு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். டை (எழுத்து வெட்டிய அச்சு), பிரஸ் (அழுத்தும் எந்திரம்) என்று யோசிப்பதற்கு முன்னால் தகட்டைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்னால் மேடாக இருக்கிற இடம் பின்னால் குழிந்திருந்தால் அது டையில் வைத்து அழுத்தியது. பின்பக்கம் சமமாக இருந்தால் பெரும்பாலும் அமிலத்தில் அரித்தது, அதாவது எழுத்தை அமிலம் தொடாதபடி மூடிவிட்டுச் சுற்றியுள்ள உலோகத்தைக் கரைத்து, அந்தப் பள்ளத்தில் பெயின்ட் நிரப்பியிருப்பார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அரித்த தகட்டை டையில் அழுத்திச் செய்தால் எழுத்தின் ஓரம் மழுங்கலாக வரும், விவரம் தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்தது எழுத்து. என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான். போனில் எடுத்த படத்தை நம்பாதீர்கள், கோணம் லேசாகச் சாய்ந்தாலும் அளவு போச்சு. ஃபிளாட்பெட் ஸ்கேனரில் தகட்டுக்குப் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் ஒன்றையும் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். லென்ஸ் வழியாகப் படம் பிடிக்கிற சிசிடி வகை ஸ்கேனர் கிடைத்தால் நல்லது, மெல்லிய மலிவு ரகங்களில் கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டும்தான் தெளிவாக வரும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்ந்த இடங்களில் மெல்லிய தாளைப் போட்டு, மென்மையான பென்சிலைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்தால் கண் விட்டதைத் தாள் பிடித்துக்கொடுக்கும். அப்புறம், தயவுசெய்து கணினியில் இருக்கிற ஏதோ ஒரு ஃபான்ட்டைப் போட்டு முடித்துவிடாதீர்கள். அந்தக் காலத்து டைகளில் பல பான்டோகிராஃப் எந்திரத்தில் (பெரிய மாதிரி எழுத்தைத் தொடர்ந்து அதையே சிறிதாக வெட்டுவது) சுழலும் கட்டரால் வெட்டியவை, அதனால் கோடுகளின் முனை உருண்டையாக முடியும், கட்டரின் பருமன்தான் கோட்டின் பருமனும். எழுத்துக்கு எழுத்து ஸ்கேன் மேலேயே வரைந்துதான் ஆகவேண்டும்.

அழுத்திச் செய்த தகடு என்றால் ஆண் டை (எழுத்து மேடாக இருப்பது), பெண் டை (எழுத்து குழிந்திருப்பது) இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் நடுவில் தகட்டின் கனம் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். 0.5 மி.மீ. தகடு என்றால் எல்லாப் பக்கமும் 0.5. சுவர்களைச் செங்குத்தாக விடாமல் கொஞ்சம் சரித்து, விளிம்பை லேசாக உருட்டுங்கள், இல்லாவிட்டால் தகடு எழுத்தின் ஓரத்திலேயே கிழியும். ஒன்றிரண்டு தகட்டுக்கு 3டி பிரின்ட் எடுத்த டையே போதும், ஆனால் உள்ளே முழுக்க நிரம்பியதாக இருக்கட்டும், இரண்டு பக்கமும் கனமான இரும்புத் தகடு கொடுத்துத்தான் பிரஸ்ஸில் வையுங்கள், டையின் அடுக்குக் கோடுகளைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். மெத்தென்ற அலுமினியம் அந்தக் கோட்டைக்கூட அப்படியே வாங்கிக்கொள்ளும்.

தகடு இளகிய பதத்தில் இருக்க வேண்டும். 1100 என்ற ரகம் போன்ற கிட்டத்தட்ட சுத்தமான அலுமினியம் நல்லது. விறைப்பாக இருந்தால் மேலே சோப்பைத் தேய்த்துப் பின்பக்கமாகச் சூடு காட்டுங்கள், சோப்பு கருக ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், இரும்பு மாதிரி சிவந்து முன்கூட்டிச் சொல்லாது, அதனால்தான் இந்தச் சோப்பு அடையாளம். இன்னொன்று, தகட்டை முதலிலேயே சரியான அளவுக்கு வெட்டாதீர்கள், துளையும் போடாதீர்கள். எழுத்து புடைக்கும்போது சுற்றியுள்ள உலோகம் உள்ளே இழுபடும், விளிம்பு நெளியும், துளை நகரும். பெரிய துண்டாக வைத்து அழுத்திவிட்டுக் கடைசியில் வெட்டுங்கள்.

அரித்த வகை என்றால் பித்தளைக்கு ஃபெரிக் குளோரைடு சரி. அலுமினியத்தை அதில் போடாதீர்கள், கொதித்துப் பொங்கும், ஹைட்ரஜன் கிளம்பும். அலுமினியத்துக்கு மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) உப்பும் கலந்த கரைசல் போதும், அதிலும் சூடும் வாயுவும் வரும் என்பதால் நீர்த்த கரைசலாக, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். தகட்டைக் கவிழ்த்து மிதக்கவிட்டால் கசடு கீழே விழுந்துவிடும். கரைசல் பக்கவாட்டிலும் அரிக்கும் என்பதால் எழுத்தை மூடும் கோடுகளைக் கொஞ்சம் தடிமனாகவே வரையுங்கள். மிச்சக் கரைசலில் செம்பு இருக்கிறது, சாக்கடையில் ஊற்றக் கூடாது.

பெயின்ட் அடிக்கிற முறை எல்லா வகைக்கும் ஒன்றுதான். தகடு முழுக்க அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு தட்டையான கட்டையில் 800 அல்லது 1000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் தொட்டு, எழுத்தின் தலையில் மட்டும் உரசுங்கள். விரலால் தேய்த்தால் பள்ளத்துப் பெயின்டும் சேர்ந்து போய்விடும்.

கியர் வரைபடம், வேக வரம்பு, எண்ணெய் விவரம் சொல்கிற தகடுகளைத் தாராளமாகச் செய்யலாம். சேசிஸ் எண் பொறித்த தகடு வேறு விஷயம், அது வண்டியின் சட்டப்படியான அடையாளம். அமெரிக்காவில் அதை மாற்றுவதோ அகற்றுவதோ கூட்டாட்சிக் குற்றம், மற்ற பல நாடுகளிலும் கடுமையான விதிகள் இருக்கின்றன. அதைத் தொடுவதற்கு முன்னால் பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலமாக அனுமதி வாங்குங்கள். எந்தத் தகடானாலும் பழையதைத் தூக்கி எறியாமல் வண்டிப் பத்திரங்களோடு வையுங்கள், புதியதின் பின்பக்கத்தில் ‘மறுபதிப்பு’ என்று செய்த வருடத்தோடு கீறிவிடுங்கள். நாளை அந்த வண்டியை வாங்குகிறவர் இதை அசல் என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுத்துவிடக் கூடாது.